குளிசைப் பையை டொக்டரின் மேசையில் கொட்டிய கதை

போன காலபோக நெல் விதைப்பில் இடுப்பில் சாரம் இறுகும் இடத்தில்தான் முதலில் அரித்துக் கடிக்கத் தொடங்கியது. சேற்றில் நின்றுவிட்டு ஈரச் சாரத்தோடேயே வீட்டுக்கு வருகிற ஆளுக்கு இது புதினமில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு கிளிநொச்சியில் ஒரு பாமசியில் கேட்டு ஒரு ரியூப் வாங்கிப் பூசினேன். அன்றே கடி நின்றது. பூசுவதை நிறுத்தினால் மூன்றாம் நாள் இன்னும் பெரிய வட்டம், தொடை இடுக்கு வரைக்கும். அதில் ஸ்ரெரோயிட் கலந்திருந்ததாம். கடியை அடக்கிவிட்டு உள்ளே பங்கஸை, அதாவது பூஞ்சையை, தீனி போட்டு வளர்த்திருக்கிறது. இப்படியே இரண்டு மாதம்.

தோல் கிளினிக்கில் வட்டத்தின் ஓரத்தை பிளேட்டால் மெல்லச் சுரண்டி எடுத்து, பங்கஸ்தான் என்று உறுதிப்படுத்தினார்கள். இவ்வளவு பரவியதற்குப் பூச்சு மட்டும் போதாது, பங்கஸைக் கொல்ல உள்ளுக்கு எடுக்கும் இற்றாக்கொனசோல் கப்சியூல் வேண்டும் என்றார் டொக்டர். எழுதுவதற்கு முதல், "வேறு குளிசை ஏதும் போடுறீங்களோ ஐயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மனுசி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொப்பிங் பையை அவிழ்த்து மேசையில் கொட்டினா. கொலஸ்ரோலுக்கு இரவில் போடும் சிம்வாஸ்ரற்றின், நெஞ்செரிவுக்கு ஒமிப்பிரசோல். வருசக்கணக்காய்ப் போடுவதால் அவை என் கணக்கில் மருந்தாகவே வரவில்லை.

சிம்வாஸ்ரற்றினும் இற்றாக்கொனசோலும் சேர்ந்தால் தசை கரைந்து சிறுநீரகம் வரை பழுதாகலாமாம். ஒமிப்பிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைத்துவிடும், அமிலம் இல்லாமல் இந்த கப்சியூல் உடம்பில் சரியாகச் சேராது. இரண்டையும் நிறுத்தினார். கால் வீங்குமா, படுத்தால் மூச்சு வாங்குமா என்றும் கேட்டார், இதயம் பலவீனமானவர்களுக்கு இது ஆகாதாம். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் மருந்துத் துண்டு கையில் வந்தது.

100 மில்லிகிராம், காலையும் இரவும், சாப்பிட்ட கையோடு. கள்ளு கூடாது, அதுதான் பெரிய சோதனை. சாப்பாடு பிடிக்காமல் போனாலோ, சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ குளிசையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார். மனுசி தினமும் காலையில் என் கண் இமையை இழுத்துப் பார்த்தா.

பத்தாம் நாள் கடி போய்விட்டது. நிறுத்துவோமா என்று யோசித்தேன், ஆனாலும் சொன்னபடி 4 கிழமையும் முடித்தேன். அது முடிந்து 2 கிழமை கழித்துத்தான் கொலஸ்ரோல் குளிசையைத் திரும்பத் தொடங்கலாமாம். அந்தத் திகதியை மனுசி கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறா. வட்டத்தைப் பார்த்தாலே எனக்கு இடுப்புக் கடிக்கிறது.