பழைய பேனல், புதிய பேட்டரி: தோட்டத்துச் சாளைக்கு சோலார் போட்ட அனுபவம்

உடுமலைப்பேட்டை பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குள் ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு, இருக்கிறது. அதற்கு வீட்டு இணைப்பு வாங்க வேண்டுமென்றால் கம்பம் நட்டு லைன் இழுக்க வேண்டும். தேவையோ நாலு லைட், இரண்டு ஃபேன், ஒரு சின்ன டிவி, போன் சார்ஜ், அவ்வளவுதான். 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் அது மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் அமைப்புக்கு, அதுவும் உள்நாட்டில் செய்த புதிய பேனலுக்குத்தான். பேட்டரியில் தனியாக ஓடும் எங்கள் சாளைக்கு ஒத்துவராது. அதனால் பழைய சாமான் வாங்கிப் போடுவதென்று இறங்கினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேனல் பழையது வாங்கலாம், பேட்டரி மட்டும் வேண்டாம். நல்ல பேனல் வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தேயும். பேட்டரி அப்படியில்லை. பழைய டியூபுலர் பேட்டரியில் மீட்டர் வைத்தால் அழகாக 12.6 வோல்ட் காட்டும். இரண்டு ஃபேனைப் போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் படுத்துவிடும். உள்ளே தகட்டில் சல்ஃபேட் படிந்திருப்பது வெளியே தெரியாது. 150 ஏ.ஹெச். டியூபுலர் இரண்டு புதிதாகவே வாங்கினேன். மொத்தச் செலவில் பெரும்பங்கு அதுதான். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

பேனல் கோவையில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் கிடைத்தது. ஏதோ ஒரு மில் கூரையிலிருந்து கழற்றிய 60 செல், 250 வாட் பேனல்கள். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு, உச்சி வெயில் நேரத்தில் போவது முக்கியம். கண்ணாடியைத் துடைத்து, வெயிலுக்கு நேராகச் சாய்த்து வைத்து வோல்ட் பார்க்க வேண்டும். இந்த வகைக்கு 36, 37 வர வேண்டும். அப்புறம் மீட்டரை 10 ஆம்பியர் பக்கம் மாற்றி, இரண்டு வயரையும் மீட்டர் வழியாகச் சேர்த்தால் கரண்ட் தெரியும். எட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. வயரை எடுக்கும் முன் பேனல் மேல் சாக்கைப் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் பொறி பறக்கும். பின்பக்கத் தாள் வெடித்திருந்தாலோ, செல் மேல் கருகிய புள்ளி இருந்தாலோ தொடவே வேண்டாம்.

அங்கே ஒரு பேனல் தனியாகச் சுவரோரம் கிடந்தது. “அது செத்த பேனலுங்க. வேணும்னா அலுமினிய வெலைக்கு எடுத்துக்குங்க” என்றார். வைத்துப் பார்த்தேன். வோல்ட் 25 தான். ஆனால் கரண்ட் மற்ற நல்ல பேனல் அளவுக்கே வந்தது. மூன்றில் ஒரு பங்கு வோல்ட் மட்டும் காணாமல் போனால், பெரும்பாலும் பின்பக்கப் பெட்டியில் இருக்கும் மூன்று பைபாஸ் டையோடில் (நிழல் விழுந்த பகுதியைத் தாண்டி கரண்ட்டைக் கடத்திவிடுபவை) ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். மூடியைத் திறந்து சோதித்தேன்: இரண்டு டையோடு சரியாக இருந்தன, ஓரத்தில் இருந்தது இரண்டு பக்கமும் ‘பீப்’ அடித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து 15 ஆம்பியர் ஷாட்கி டையோடு ஒன்றை மாற்றி ஈயப் பற்று வைத்ததும் 37 காட்டியது. அந்தச் சந்தோஷம் பேனல் விலையைவிடப் பெரிது. பெட்டிக்குள் பசை ஊற்றி அடைத்த பேனலில் இந்த வேலை நடக்காது, அதையும் பார்த்து வாங்குங்கள்.

இதையும் அங்கேயே வாங்கிய நல்ல பேனல் ஒன்றையும் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்தேன். சீரிஸில் கரண்ட் குறைந்த பேனல்தான் மொத்தத்தையும் இழுத்துப் பிடிக்கும், அதனால் ஜோடி சேர்ப்பதில் கரண்ட்டைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பேட்டரியும் சேர்ந்து 24 வோல்ட். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்த ஒரு கன்ட்ரோலர் வேண்டும்; கடைகளில் மலிவாகத் தரும் பி.டபிள்யூ.எம். வகை இதற்கு உதவாது. நம் ஊர் வெயிலில் பேனல் சுட்டு வோல்ட் இறங்கிவிடும், ஒற்றைப் பேனலால் 24 வோல்ட் பேட்டரியை முழுதாக ஏற்ற முடியாது. சீரிஸில் போட்டாலோ மிச்ச வோல்ட்டை பி.டபிள்யூ.எம். வீணாக்கிவிடும். அதனால் அந்த வோல்ட்டைக் கரண்ட்டாக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வாங்கினேன்.

இன்வெர்ட்டர் பழையதுதான், மின்வாரியக் கரண்ட் மாதிரியே தரும் சைன் வேவ் வகை. வாங்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். முன்னதாகப் பார்த்த ஒன்றில் போர்டு மேல் பல்லி கருகிக் கிடந்தது. இதில் கெப்பாசிட்டர் எதுவும் உப்பவில்லை. ஃபேனைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன்.

பொருத்துவதில் எங்கள் பக்கம் பெரிய விஷயம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றுக்குத் தகரக் கூரையே தாங்காது. அதனால் தரையில் கான்கிரீட் போட்டு ஆங்கிள் நட்டு, தெற்குப் பார்த்து பத்து டிகிரி அளவுக்குச் சாய்த்தோம். வெல்டர் இன்னும் நன்றாகச் சாய்க்கலாம் என்றார். நம் அட்சரேகைக்குப் பத்து டிகிரியே போதும். இடம் தேர்வதுதான் பாடாக இருந்தது. ஒரு தென்னை மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தால் போதும், பேனலின் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிடும். கடைசியில் கிணற்று மேட்டுப் பக்கம் வெட்டவெளி கிடைத்தது. அங்கிருந்து சாளை வரை 4 சதுர மி.மீ. சோலார் கேபிள். பேனல் பக்கம் டி.சி. பிரேக்கர்தான் போட வேண்டும், வீட்டு ஏ.சி. பிரேக்கரால் டி.சி. பொறியை அணைக்க முடியாது, தீப்பிடிக்கும். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ், சட்டத்துக்கு எர்த். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் வருகிறது. பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது வாட் சுற்றுவட்டத்தில் ஓடுவதால் இரவு முழுக்கத் தாங்குகிறது. ஆள் இல்லாத பகலில் இன்வெர்ட்டரை அணைத்துவிடுகிறோம், சும்மா இருந்தாலும் அது தின்னும். ஐப்பசி, கார்த்திகை மூடாக்கில் டிவி கிடையாது, லைட்டும் ஒரு ஃபேனும் மட்டும் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.