காம்ப்ஸ், இரண்டாம் தடவை: ஜெர்மனி கேள்வியில் நான் விழுந்ததும் எழுந்ததும்

போன வெள்ளிக்கிழமை காம்ப்ஸ் (படிப்பின் ஒட்டுமொத்தத் தகுதித் தேர்வு) முடிவு மெயிலில் வந்தது. பாஸ். மொத்தமே மூன்று வரி. முதல் தடவை ஃபெயிலானபோது இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். இது பட்டியல், வாதமே இல்லை என்று அதில் ஒரு வரி. ஆறு மாதமாக அது காதிலேயே நிற்கிறது.

அமெரிக்கக் கல்வி வரலாற்றுத் தேர்வில், அமெரிக்கா ஜெர்மனியிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டது என்ற கேள்வி எப்படியும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்ததால்தான் கவிழ்ந்தேன். 1810 பெர்லின் பல்கலைக்கழகம், 1837 ஐரோப்பியப் பள்ளிகளைப் பற்றி ஸ்டோ ஓஹையோ மாநிலத்துக்குக் கொடுத்த அறிக்கை, 1843 மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியச் செயலர் ஹொரேஸ் மேன், 1876 ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் என்று ரயில் பெட்டி மாதிரி கோத்து, "இப்படியாக அமெரிக்கா பிரஷ்ய முறையைப் பின்பற்றியது" என்று கடைசிப் பெட்டிக்குச் சிவப்பு விளக்கு மாட்டிவிட்டு வந்தேன். (பிரஷ்யா அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்று.)

இரண்டாம் தடவை ஒரே ஒரு கேள்வியோடு படித்தேன். ஜெர்மனியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தவர் எதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்? நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1843 மே மாதம் மேரி பீபாடியைக் கல்யாணம் செய்துகொண்டு, தேனிலவுக்குக் கப்பலேறி, போன இடத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கியவர். (அந்த அம்மாவின் பொறுமையைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.) அவருடைய ஏழாவது ஆண்டறிக்கையில் பிரஷ்ய வகுப்பறை கண்முன் நிற்கும். உட்கார்ந்தபடி பிள்ளைகளிடம் பாடம் கேட்கும் ஆசிரியர் ஒருவரையும் பார்க்கவில்லை என்கிறார். வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் தவிர எதற்கும் வாத்தியார் கையில் புத்தகம் இல்லை. ஒரு அடி விழவில்லை. ஆனால் ராஜாவுக்கு அடங்கிய குடிகளை வளர்க்கும் முறை நமக்கு எதற்கு என்ற ஆட்சேபத்தையும் அவரே எடுத்துப் பதில் சொல்கிறார்: முறை வேறு, அதை வைத்து அரசு செய்யும் வேலை வேறு. பயிற்சி பெற்ற ஆசிரியரை எடுத்துக்கொண்டார், ராஜாவை விட்டுவிட்டார். உடனே 1844இல் பாஸ்டன் பள்ளி ஆசிரியர்கள் 31 பேர் சேர்ந்து மறுப்பு வெளியிட்டார்கள். முதல் தடவை அந்த 31 பேரை நான் எழுதவே இல்லை. எதிர்த்தவர்களை விட்டால் வாதம் எங்கிருந்து வரும்?

கிண்டர்கார்டன், அதாவது ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியர் தொடங்கிய மழலைப் பள்ளி, இன்னும் சுவாரசியம். 1851இல் பிரஷ்ய அரசே அதைத் தடை செய்கிறது. 1856இல் விஸ்கான்சின் வாட்டர்டவுனில், மார்கரெத்தே ஷுர்ட்ஸ் தன் மகளையும் உறவுக் குழந்தைகளையும் வீட்டில் உட்காரவைத்து ஜெர்மனில் ஆரம்பிக்கிறார். 1860இல் பாஸ்டனில் ஆங்கிலத்தில் தொடங்கிய எலிசபெத் பீபாடி வேறு யாருமில்லை, மேரியின் அக்கா. 1867இல் ஐரோப்பாவுக்குப் போய்ப் பார்த்தபோதுதான், தான் நடத்தியது ஃப்ரோபெல் சொன்ன கிண்டர்கார்டனே இல்லை என்று அவருக்கு உறைத்தது. 1873இல் சூசன் ப்ளோ அதை செயின்ட் லூயிஸ் பொதுப்பள்ளிக்குள் கொண்டுபோனார். இந்த அக்கா தங்கையைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் தானாக நினைவில் நிற்கும்.

பல்கலைக்கழகம் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் நீட்டி எழுதுகிறார்கள்: செமினாரும் டாக்டர் பட்டமும் வந்தன, இளங்கலைக் கல்லூரி ஆங்கிலேயர் பாணியிலேயே இருந்தது, அதன் மேல் ஒரு மாடி கட்டினார்கள். எனக்கு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தது 1915. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் அறிக்கை லேர்ஃப்ரைஹைட் (கற்பிக்கும் சுதந்திரம்), லெர்ன்ஃப்ரைஹைட் (கற்கும் சுதந்திரம்) என்ற இரண்டு ஜெர்மன் கருத்துகளையும் சொல்லிவிட்டு, நாங்கள் பேசுவது ஆசிரியரின் சுதந்திரத்தை மட்டும் என்று மாணவருடையதைக் கழற்றிவிடுகிறது. எதை விட்டார்கள் என்பதை அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்!

மற்றவை:

- ஜெர்மன் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் சீடர்கள் பாடம் நடத்த வகுத்த ஐந்து படிகளை ஒரு பத்திக்கு மேல் எழுதாதீர்கள்.
- "பிரஷ்யத் தொழிற்சாலைப் பள்ளி" என்ற சொல்லைத் தொடாதீர்கள். யூடியூப் சரக்கு.
- ஆண்டு சந்தேகமாக இருந்தால் பத்தாண்டு போடுங்கள். தப்பான ஆண்டு கண்ணைக் குத்தும்.
- குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. கூட்டம் பிடிக்கிறவர்கள் போங்கள்.
- கையால் எழுதிப் பாருங்கள். நான் மெதுவாக யோசிக்கிற ஆள், டைப் செய்தால் விரல் முந்திக்கொள்கிறது.

தேர்வின் கடைசி இருபது நிமிடத்தில் நெப்ராஸ்கா மாநில வழக்குக்குப் போனேன். ஓஹையோ 1839லேயே ஜெர்மன் வழிப் பள்ளிக்குச் சட்டம் போட்ட அதே நாட்டில், 1920இல் நெப்ராஸ்கா ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம் போடுகிறது. குற்றம், பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மனில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. 1923இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதி முடிக்கும்போது நேரம் முடிந்துவிட்டது, முடிவுரை எழுதவே இல்லை. அதற்கும் பாஸ் போட்டார்கள்.

குறிப்பேடு வேண்டும் என்கிறவர்கள் கேளுங்கள், ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் படிப்பது உங்கள் பாடு.