வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்: தலையணை உறை, இதுவரை

முகப்புக்கு சென்னை கோடவுன் தெருவில் வாங்கிய கேம்ப்ரிக் (நெருக்கமாக நெய்த பருத்தி), சோதனைக்கு ஒரு துண்டு மல்மல் (மெல்லிய பருத்தி). இரண்டையும் ராத்திரி முழுக்க ஊறவைத்து, அலசி, இஸ்திரி போட்ட பிறகே ஃப்ரேமில் மாட்டியது. அப்படிச் செய்யாவிட்டால் முதல் சலவையில் துணி சுருங்கி, பூவைச் சுற்றி மடிப்பு விழும்.

ஆங்கர் நூலின் ஆறு இழையில் கேம்ப்ரிக்குக்கு இரண்டு, மல்மலுக்கு ஒன்று. 45 செ.மீ.க்கு மேல் நீளம் வேண்டாம். உராய்ந்து பஞ்சு எழும்பி மினுமினுப்பு போய்விடும். இந்த வேலையில் நிறம் கிடையாது. மினுப்பு, மேடு, ஓட்டை, இவைதான் டிசைன்.

இதழ்கள் சாட்டின் தையல், அதாவது நூலைப் பக்கம்பக்கமாக நெருக்கிப் போடுவது. அடியில் நெடுக்காகச் சங்கிலித் தையலால் நிரப்பி, மேலே குறுக்காகப் போட வேண்டும். இரண்டும் ஒரே திசையில் போனால் மேல்நூல் அடிநூலுக்குள் அமுங்கி, இதழ் தட்டையாகிவிடும்.

அதிக நேரம் பிடித்தது ஐலெட், அதாவது விளிம்பு தைத்த சின்ன ஓட்டை. 4 மி.மீ. வட்டத்தைச் சுற்றி ஓட்டுத்தையல் இரண்டு சுற்று. முதல் சுற்று விட்ட இடைவெளியை இரண்டாவது நிரப்பும். பிறகு குத்தூசியால் இழைகளை விலக்கி, விளிம்பைச் சுற்றி நெருக்கமாகத் தைத்து இழுப்பது. நாலைந்து தையலுக்கு ஒருமுறை குத்தூசியை மறுபடி விட்டால்தான் வட்டம் வட்டமாக நிற்கும். ஓட்டுத்தையலுக்கு முன்பே குத்தினால் ஓட்டை கோணிக்கொள்ளும்.

மல்மலில் லக்னோவின் சிக்கன் எம்பிராய்டரி பாணி ஷேடோ ஒர்க்: பின்பக்கம் ஹெர்ரிங்போன் (குறுக்கும் நெடுக்கும் சாயும் தையல்), முன்பக்கம் இரண்டு வரி பின்தையல், நடுவில் நிழல். அழகு அள்ளுகிறது. ஆனால் இதழ் 1 செ.மீ.க்கு மேல் அகலமானால் பின்னால் நூல் தொங்கி, வளையலில் மாட்டும். துப்பட்டாவுக்குச் சரி, அடிக்கடி துவைக்கும் உறைக்கு வேண்டாம். இழையை விலக்கி வலை போலப் போடும் ஜாலியும் மல்மலில் வந்தது, நெருக்கமான கேம்ப்ரிக்கில் வரவில்லை. சலவைக்கு அஞ்சாதது அயர்லாந்தின் மவுண்ட்மெல்லிக் எம்பிராய்டரி: கனமான பருத்தித் துணி, தடித்த மினுப்பில்லாத நூல், ஓட்டையே கிடையாது.

சென்னைக் காற்றில் ஊசியைத் துணியில் குத்தியே வைத்தால் துருக்கறை நிச்சயம். வேலை முடிந்ததும் ஃப்ரேமையும் கழற்றுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே தையல் கண்ணுக்கே தெரியாது. பக்கவாட்டில் வரும் ஜன்னல் வெளிச்சம்தான் தோது. தண்ணீரில் அழியும் நீல மார்க்கர் கோட்டின் மேல் இஸ்திரி படக்கூடாது, சூட்டில் கோடு அப்படியே தங்கிவிடும்.

ஓரத்து ஸ்காலப் (வளைவு வளைவான விளிம்பு) பாக்கி. பட்டன்ஹோல் தையலை முடித்து ஒருமுறை துவைத்த பிறகே வெளித்துணியை வெட்ட வேண்டும். துவைத்தால் தையல் இறுகும், கத்தரி நூலில் படாது.