ரெண்டு லட்சம் பார்வையும் நாலு மூட்டை காப்பியும்

அந்த ரீல்ஸைப் போட்டது 2023 ஜனவரியில். அம்மா இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு செக்கச்செவேலென்று பழுத்த காப்பிப் பழத்தை உருவிப் போடுகிறாள். பின்னால் மலைவாழைத் தார், அதற்கும் பின்னால் பனிமூட்டம். மூன்றே நாளில் 2 லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பெருமையாக அப்பாவிடம் போனை நீட்டினேன்.

"ரெண்டு லட்சம் பேரு பாத்தாங்கன்ற. ஒருத்தன்கூட சாக்கோட வரலையே பாப்பா" என்றார்.

எங்களுக்குத் தாண்டிக்குடியில் 4 ஏக்கர். அரபிகா காப்பி, நிழலுக்கு சில்வர் ஓக்கும் முள்முருங்கையும், மரத்தில் மிளகுக்கொடி, ஓரத்தில் வாழை. கீழ்ப்பழனி மலையில் பாதி வீட்டுக் கதை இதுதான். நவம்பர் கடைசியில் பழம் எடுக்க ஆரம்பித்தால் பிப்ரவரி வரை ஓடும். பல்பரில் தோல் உரித்து, ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயவைத்து, 50 கிலோ மூட்டையாகக் கட்டி மலையடிவாரத்துக் காப்பிச் சந்தையான பட்டிவீரன்பட்டிக்கு இறக்கிவிடுவோம். நல்ல வருஷத்தில் 15 மூட்டை தேறும். அங்கே என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் விலை. எங்கள் வியாபாரியைக் குறை சொல்ல மாட்டேன். என் காலேஜ் ஃபீஸுக்கு முன்பணம் கொடுத்த மனுஷன். ஆனால் எங்கள் காப்பி அவர் குடோனுக்குள் போனதும் ஊர்க் காப்பியோடு சேர்ந்துவிடும். யார் குடித்தார்கள், எப்படி இருந்தது என்று மூன்று தலைமுறையாக எங்களுக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கூத்தெல்லாம்.

ரீல்ஸுக்கு வந்த கமெண்டுகளில் முக்கால்வாசி "லொகேஷன் ப்ளீஸ்", "ஸ்டே இருக்கா?". ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பைக்குகள் நேராகத் தோட்டத்துக்கே வந்துவிட்டன. போட்டோ எடுத்தார்கள், பிளாஸ்டிக் பாட்டிலை விட்டுவிட்டுப் போனார்கள். சிலர் தூள் கேட்டார்கள், அதுவும் சிக்கரி கலந்து. வறுத்து அரைத்து பாக்கெட் போடுவது வேறு தொழில். அதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிள், கூரியர் என்று தனி வேலை. எனக்கு வேண்டியது பச்சைக் கொட்டையாக மூட்டைக் கணக்கில் வாங்கி, தாங்களே வறுத்து விற்கிற ரோஸ்டர்கள். அவர்கள் ரீல்ஸில் இல்லை.

கோவையில் ஆறு வருஷம் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தவள் நான். வேலை, தொழில் ஆட்கள் கூடுகிற லிங்க்ட்இன் தளம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. அப்படிப்பட்டவள் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பெயருக்குக் கீழே 'ஃபவுண்டர் அண்ட் சிஇஓ' என்று போட்டுக்கொண்டேன். அப்பா நாலு ஏக்கருக்கு எதற்கு சிஇஓ என்று கேட்டுச் சிரித்தார். அடுத்து, ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினேன்: "தரமான காப்பியின் முன்னணி உற்பத்தியாளர்களாகிய நாங்கள்..." ஒரே ஒரு பதில் வந்தது. அதுவும் மெஷின் விற்கிற ஆளிடமிருந்து.

பிறகுதான் உறைத்தது. இதே மாதிரிக் கடிதம் எனக்கு வேலை கேட்டு வந்தபோது நானும் ஒன்றையும் படித்ததில்லையே!

சிஇஓவை அழித்துவிட்டு 'காப்பி விவசாயி, தாண்டிக்குடி, அரபிகா, 1,300 மீட்டர்' என்று எழுதினேன். வாங்குகிறவர்கள் தேடுகிற சொற்கள் இவைதான்: ஊர், ரகம், உயரம், பதப்படுத்தும் முறை. பெங்களூரு, சென்னை, கொச்சி என்று ஊர் ஊராக ரோஸ்டர்களைத் தேடி, இரண்டு வாரம் யாருக்கும் எதுவும் அனுப்பாமல் அவர்கள் எழுதுவதை மட்டும் படித்தேன். இலவசக் கணக்கில் குறிப்பு எழுதி அழைப்பு அனுப்ப மாதத்துக்குச் சிலதுதான் விடுவார்கள். அதனால் முதலில் அவர்கள் பதிவுக்குக் கீழே பேசிப் பழகிவிட்டு, அப்புறம்தான் அழைப்பு.

பெங்களூரு ரோஸ்டர் ஒருவர், பழத்தை அப்படியே தோலோடு காயவைப்பதில் பூஞ்சை பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தார். கீழே கேட்டேன்: "எங்கள் மலையில் டிசம்பரில் மதியம் மூன்று மணிக்கே பனி இறங்கிவிடும். களத்திலேயே மூடி வைக்கலாமா, உள்ளே அள்ளிவிட வேண்டுமா?" அதற்கு அவர் எழுதிய பதில் ஒரு பக்கம். நான் ஒன்றும் தந்திரம் பண்ணவில்லை, நிஜமாகவே எனக்குத் தெரியாது. அங்கிருந்துதான் பேச்சு ஆரம்பித்தது.

மார்ச்சில் ஒரு கிலோ சாம்பிள் கேட்டார். அனுப்பினேன். பத்து நாளில் பதில்: ஈரப்பதம் 13.4 சதவீதம், வாங்க முடியாது. 11-க்குள் இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஈரம் பார்க்கும் மெஷின் அப்பாவின் கடைவாய்ப் பல். கொட்டையைக் கடித்துப் பார்த்து "காஞ்சிருச்சு" என்பார். பட்டிவீரன்பட்டிக்கு அது போதும்.

அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் அந்த 13.4-ஐ அப்படியே லிங்க்ட்இனில் எழுதிப் போட்டேன், அப்பாவின் பல்லையும் சேர்த்து. சிக்னலுக்காகத் தோட்டத்து மேல்பாறையில் உட்கார்ந்து, கொசுக்கடியில் எழுதிய பதிவு. லைக் 14. ஆனால் மூன்று ரோஸ்டர்கள் தனியாக மெசேஜ் அனுப்பினார்கள். ஒருவர் காயவைக்கும் கட்டிலை எத்தனை அடி உயரத்தில் போட வேண்டும் என்று படமே வரைந்து அனுப்பினார். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. முப்பது வயது வரை அதன் கேட்டைத் தாண்டியதில்லை. அந்த வாரம் போய்க் கேட்டேன். ஈரமானியும் ஒன்று வாங்கினேன். அப்பா அதை இன்னமும் "உன் பல்லு" என்றுதான் சொல்வார்.

நடுவில் லிங்க்ட்இனில் ஒரு துபாய்க்காரர் வந்தார். வருஷத்துக்கு 5 டன் வேண்டுமாம், வெண்டர் பதிவுக்கு 18,500 ரூபாய் மட்டும் முதலில் கட்டணுமாம். பொய் ரெஸ்யூமே பிடித்தே சம்பளம் வாங்கியவள், அவர் கணக்கு போன மாதம்தான் தொடங்கியது என்பதைக்கூடப் பார்க்கவில்லை. ஆசைதான். 4 ஏக்கரில் 5 டன் எங்கிருந்து வரும் என்றும் யோசிக்கவில்லை. "வாங்குறவன்தானம்மா காசு குடுக்கணும்?" என்று அப்பா கேட்டதில் தப்பித்தேன். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அதே ஆளுக்குப் பணம் அனுப்பிவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். காப்பி ஏற்றுமதி செய்பவர் காப்பி வாரியத்தில் பதிய வேண்டும். விற்கிற விவசாயி வாங்குபவருக்குப் பதிவுக் காசு கட்டுவது எங்குமே கிடையாது.

அந்த செப்டம்பரில் பெங்களூரில் உலகக் காப்பி மாநாடு நடந்தது. ஆசியாவில் அதுதான் முதல் முறை. திண்டுக்கல்லில் ரயிலேறினேன், பையில் கால் கிலோ பொட்டலங்கள் பத்து. உள்ளே போனால் கோட்டு போட்ட கூட்டம். ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் வந்து என் கழுத்து அட்டையைப் படித்துவிட்டு, "நீங்கதானே பதிமூணு பாயின்ட் நாலு?" என்றார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பத்துப் பொட்டலமும் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டன.

அடுத்த அறுவடையில் பெங்களூரு ரோஸ்டர் 4 மூட்டை எடுத்தார். பாதிப் பணம் முன்கூட்டியே வந்தது. மிச்சம் வழக்கம்போல் பட்டிவீரன்பட்டிக்கு. விலை கிலோவுக்குக் கூடுதல்தான். ஆனால் பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க ஆட்களை மூன்று நடை இறக்கினேன். கூலியைக் கழித்தால் கையில் நின்ற லாபம் நான் லிங்க்ட்இனில் பீற்றிக்கொண்ட அளவுக்கு இல்லை. இதை அங்கே எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

பழைய ஆட்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதும். கேட்லாகில் இந்த வருஷச் சரக்கு, அறுவடைத் தேதி, ஈரப்பதம். பிராட்காஸ்ட் அனுப்பியும் யாருக்கும் போகவில்லையே என்று ஒரு மாதம் புலம்பினேன். நம் நம்பரை அவர்கள் சேமித்திருந்தால்தான் போய்ச் சேருமாம்.

உண்மையான சோதனை 2025 பிப்ரவரியில் வந்தது. உலகச் சந்தையில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி, அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. பட்டிவீரன்பட்டி விலை, நான் நவம்பரிலேயே ரோஸ்டரிடம் ஒத்துக்கொண்ட விலைக்கு மேலே போய்விட்டது. மூட்டை வீட்டில் இருக்கிறது. வியாபாரி போன் மேல் போன். எனக்குக் கை அரித்தது. இந்தப் பக்கம் அப்பா, "வார்த்தை குடுத்தாச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவருக்கென்ன, ஈரமானி வாங்கிய கடன் என் பெயரில்.

ரோஸ்டருக்கு மெசேஜ் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் போனிலேயே பேசிவிட்டேன். சந்தை விலையை மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வித்தியாசத்தில் பாதியைத் தான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். மீதிப் பாதி எனக்கு நஷ்டம்தான். அந்த நஷ்டத்தை நினைத்து இப்போதும் சில நாள் எரிச்சல் வரும்.

எங்கள் காப்பியை வறுத்துப் போட்ட பாக்கெட் ஒன்றை ரோஸ்டர் அனுப்பியிருந்தார். முன்பக்கம் ஊர்ப் பெயர், தப்பான எழுத்தில். 'தண்டிக்குடி'. முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் வந்த பெயர் என்று ஊரில் சொல்வார்கள்; அவரையே தண்டித்துவிட்டார்கள் என்று அப்பா எல்லாரிடமும் காட்டிக் காட்டிச் சிரித்தார். குடித்துப் பார்த்துவிட்டு "புளிக்குது" என்றார். பாக்கெட்டை மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

முந்தாநாள் நல்ல மழை. இன்னும் எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாய்ப் பூ வெடிக்கும். எந்தத் தேதி என்று கேட்டு மூன்று ரோஸ்டர்கள் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். பதில் போட மேல்பாறைக்குப் போக வேண்டும். அங்கே ஒற்றைக் காட்டுமாடு நிற்கிறது. அது இறங்கட்டும்.