மால்ஹமில் காணாமல் போகும் ஓடை

இங்கிலாந்தின் யார்க்‌ஷர் டேல்ஸில் வழிகாட்டியோடு ஐந்து நாள் நடந்தோம். அதில் மால்ஹம் கிராமத்தைச் சுற்றி நடந்த மூன்றாம் நாளைத்தான் எழுதத் தோன்றுகிறது.

மே மாதம். ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சின்ன அருவிக்குப் போகும் பாதை முழுக்கக் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பூண்டு வதக்கும் சமையலறைக்குள் நுழைந்த மாதிரி வாசனை. அப்புறம் ஆடுகள் மேயும் புல்வெளிகள். தனியார் நிலம்தான், ஆனால் பொதுப்பாதை என்று பதிவாகியிருந்தால் யாரும் நடக்கலாம். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்துப்போன வழக்கம் இது.

மேலே மால்ஹம் டார்ன் ஏரி. அதிலிருந்து ஓடிவரும் ஓடையின் பக்கமாகவே நடந்தோம். திடீரென்று வழிகாட்டி அம்மா நின்று, "தண்ணியைப் பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். கூழாங்கற்களுக்கு இடையே சுழலும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி வெறும் உலர்ந்த கல். ஏரிக்கு அடியில் இருப்பது நீர் இறங்காத பாறை. இங்கே சுண்ணாம்புக்கல் தொடங்கிவிடுகிறது. மழைநீர் காலங்காலமாக அதன் வெடிப்புகளைக் கரைத்துக் கரைத்து வழி பண்ணி வைத்திருக்கிறது.

அந்த வறண்ட பள்ளத்தாக்கில் இறங்கினால் மால்ஹம் கோவ் மலைமுகட்டின் உச்சி. சுமார் 80 மீட்டர் செங்குத்துப் பாறை. மேலே தரையெல்லாம் பாளம் பாளமாகப் பிளந்த கல். ஒரு பிளவுக்குள் எட்டிப் பார்த்தால் முழங்கை ஆழத்தில், நாக்கு மாதிரி பளபளவென்று ஒரு பெரணி இலை. பனியுகம் முடியும்போது இந்த விளிம்பிலிருந்து பெரிய அருவி விழுந்ததாம். 2015 டிசம்பர் பெருமழையில் கொஞ்ச நேரம் மறுபடியும் விழுந்தது.

பாறையின் அடியிலிருந்து ஓர் ஓடை வருகிறது. மேலே மறைந்த தண்ணீர்தானே என்று கேட்டேன். இல்லையாம். சாயம் கலந்து பார்த்ததில், மேலே மறைந்த தண்ணீர் கிராமத்தையும் தாண்டித் தெற்கே ஏர் ஹெட் ஊற்றில்தான் வெளியே வருகிறதாம்.

கால் வலித்தது. ஆனாலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் தனியாக அங்கே போனேன். வேலியோரம், புல்லுக்கு நடுவே, தண்ணீர் அமைதியாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டேன். விரல் மரத்துப்போகிற குளிர்ச்சி.