பொடி எஸ்எம்டி சால்டரிங்: லென்ஸிலிருந்து மைக்ராஸ்கோப் வரை

"எத்தனை எக்ஸ் வாங்கட்டும் அண்ணாச்சி?" பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாக சர்வீஸ் மேசை போடும் பையன்கள் முதலில் கேட்பது இதைத்தான். எக்ஸ் என்றால் லென்ஸ் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற எண். எங்கள் மேசைக்குத் தேடியபோது நாங்களும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஆரம்பித்தோம். ஆனால் எஸ்எம்டி, அதாவது போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் பொடிப் பாகங்களின், சால்டரிங்குக்கு முதலில் பார்க்க வேண்டியது லென்ஸுக்கும் போர்டுக்கும் நடுவில் கை நுழைய எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது. அடுத்தது இரண்டு கண்ணாலும் பார்த்து ஆழம் தெரிகிறதா என்பது. மூன்றாவது, ஒரே பார்வையில் எவ்வளவு பரப்பு தெரிகிறது. எக்ஸ் அதற்கும் பிறகு.

பாகத்தின் அளவை வைத்துத் தொடங்கலாம். 0805 என்ற அளவுக் குறியீடு உள்ள ரெசிஸ்டர் 2 மி.மீ. நீளம், 1.25 மி.மீ. அகலம். நல்ல வெளிச்சமும் நல்ல கண்ணும் இருந்தால் வெறும் கண்ணாலேயே வைத்துவிடலாம். 0603 என்பது 1.6-க்கு 0.8. 0402 என்பது 1-க்கு அரை மி.மீ., ஒரு கசகசா மணி அளவு. 0201 அதிலும் சின்னது, 0.6-க்கு 0.3. ராதாபுரம், பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளின் கன்ட்ரோல் போர்டுகளில் கால் இடைவெளி 0.5 மி.மீ. உள்ள ஐசிகளும் 0603 பாகங்களும்தான் அதிகம். மொபைல் போர்டு என்றால் 0201-லிருந்து தொடங்கும். எந்த போர்டு அதிகம் வருகிறதோ அதற்கு வாங்குங்கள்.

காசு செலவழிக்கும் முன் கண்ணைச் சோதித்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து தொடங்கியிருக்கும். சரியான கண்ணாடி போட்டாலே பாதிச் சிரமம் போய்விடும்.

தலையில் மாட்டும் லென்ஸில் எக்ஸை விட டயாப்டர் என்ற எண்தான் உண்மையைச் சொல்லும். 100-ஐ டயாப்டரால் வகுத்தால் எத்தனை சென்டிமீட்டரில் ஃபோகஸ் ஆகும் என்று வந்துவிடும். 3 டயாப்டருக்கு 33 செ.மீ., 5-க்கு 20, 10-க்கு 10. டயாப்டரை 4-ஆல் வகுத்து 1 கூட்டினால் பெருக்கம்: 3-க்கு 1.75 எக்ஸ், 10-க்கு 3.5 எக்ஸ். 10 செ.மீ.யில் மூக்கு போர்டுக்கு மேலேயே நிற்கும், பிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்கத் தடவும் பசை) புகை நேரே முகத்துக்கு வரும். வாட்ச் கடைக்காரர் கண்ணில் இடுக்கும் லென்ஸ் இங்கே உதவாததற்கும் இதுவே காரணம். அவர் கையில் 350 டிகிரி அயர்ன் இல்லை. கனெக்டர், 0805, ஓரளவு 0603 வேலைக்கு 2 முதல் 2.5 எக்ஸ் தலை லென்ஸ் போதும். மைக்ராஸ்கோப் வந்த பிறகும் அது மேசையில் இருக்கட்டும், தினமும் எடுப்பீர்கள்.

யூஎஸ்பி மைக்ராஸ்கோப் சில ஆயிரத்துக்குள் வந்துவிடும். அட்டையில் 1000 எக்ஸ் என்று போட்டிருப்பார்கள். அது திரையில் படத்தை இழுத்துப் பெரிதாக்கிய கணக்கு. பார்த்துச் சோதிக்கவும் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பவும் நல்ல சாமான். ஆனால் சால்டரிங் வைக்கும்போது இரண்டு தொல்லை. கை அசைந்து ஒரு நொடியின் சிறு பங்கு கழித்துத்தான் திரையில் அசைவு வரும், அதனால் கை எப்போதும் தாண்டிப் போய்விடும். அடுத்து, படம் தட்டையாக இருப்பதால் ட்வீசர் பாகத்தைத் தொட்டுவிட்டதா, இன்னும் மேலேயே நிற்கிறதா என்று தெரியாது. பக்கத்து கெபாசிட்டரைத் தட்டிவிடுவது இப்படித்தான். ஹெச்டிஎம்ஐ கேமராவில் தாமதம் குறையும், தட்டை மாறாது.

ஆகவே ஸ்டீரியோ மைக்ராஸ்கோப். சந்தையில் பரவலாகக் கிடைப்பது 0.7 முதல் 4.5 வரை ஜூம் ஆகும் தலையும் 10 எக்ஸ் ஐபீஸும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கொண்டது, அதாவது 7 முதல் 45 எக்ஸ். ஐபீஸில் 10 எக்ஸுக்குப் பக்கத்தில் 20 என்று எழுதியிருக்கும். அந்த 20-ஐ ஜூம் எண்ணால் வகுத்தால் தெரியும் பரப்பு கிடைக்கும். 0.7-ல் 28 மி.மீ. சொச்சம், 4.5-ல் நாலரை மி.மீ.கூட இல்லை. அதற்குள் அயர்ன் முனையைக் கொண்டுவந்து நிறுத்துவதே பெரும்பாடு. இந்தத் தலையில் லென்ஸுக்குக் கீழே கிடைப்பது சுமார் 10 செ.மீ. ஹாட் ஏர் (சூடான காற்றால் ஈயத்தை உருக்கும் கருவி) கைப்பிடி சாய்வாக நுழைய அது போதாது.

இதற்கு மருந்து கீழே திருகி மாட்டும் 0.5 எக்ஸ் பார்லோ லென்ஸ். பெருக்கம் பாதியாகி 3.5 முதல் 22.5 எக்ஸ் ஆகும். பரப்பு இரட்டித்து 57 மி.மீ. வரை போகும், இடைவெளி 16 செ.மீ.யைத் தாண்டும். 45 எக்ஸ் போய்விட்டதே என்று வருத்தப்படத் தேவையில்லை. எங்கள் கை நிற்பது 5-க்கும் 10-க்கும் நடுவில்தான். 20 எக்ஸ் வேலை முடிந்து சோதிக்க மட்டும். சர்வதேசச் சோதனைத் தரமான ஐபிசி-ஏ-610-ம் 0.25 மி.மீ.க்கும் குறைந்த அகல பேடுகளுக்குத்தான் (பேடு என்பது பாகத்தின் முனை ஒட்டும் செப்புப் பட்டை) 20 எக்ஸ் கேட்கிறது. மைக்ராஸ்கோப்பின் தலை உயர்வதால் நாற்காலியையும் உயர்த்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பார்லோ வாங்கும்போது மரை விட்டத்தை அளந்து கேளுங்கள். 48 மி.மீ. அதிகம் வரும், எல்லாம் அப்படியில்லை.

கேமராவும் வேண்டுமென்றால் மூன்று குழாய் உள்ள தலை. அதில் இரண்டு வகை. ஒன்றில் நெம்புகோலை இழுத்தால் ஒரு கண்ணின் வெளிச்சத்தைக் கேமராவுக்குத் திருப்பிவிடும், அந்த நேரம் ஆழம் போய்விடும். சைமல்-ஃபோகல் வகையில் இரண்டு கண்ணும் கேமராவும் சேர்ந்து பார்க்கும். கூடுதல் காசு கொடுத்தாலும் இரண்டாவதுதான்.

8 எக்ஸில் ஒரு 0402 கெபாசிட்டர் மாற்றும்போது என்ன தெரியும் என்று சொன்னால் ஸ்டீரியோவின் அருமை விளங்கும். ஒரு பேடில் மட்டும் ஈயம் தொட்டு, பிளக்ஸ் ஒரு சொட்டு வைக்க வேண்டும். ட்வீசரில் பாகத்தைப் பிடித்து, ஈயம் உருகியதும் பக்கவாட்டில் தள்ளினால், மங்கிய ஈயம் சட்டென்று கண்ணாடி மாதிரி மின்னி, கெபாசிட்டரின் முனையில் ஏறி வளைந்து நிற்கும். பாகம் போர்டில் படியாமல் ஒரு முடி அளவு தூக்கி நின்றால் ஸ்டீரியோவில் அது அப்படியே தெரியும், திரையில் தெரியாது. அதை அழுத்திச் சரிசெய்த பிறகே மறுமுனைக்கு ஈயம். மணிக்கட்டு மேசையில் ஊன்றி இருக்க வேண்டும். 8 எக்ஸில் கை நடுக்கமும் எட்டு மடங்கு.

ஸ்டாண்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். தூணும் தட்டும் உள்ள சின்ன ஸ்டாண்டில் காற்றாலை போர்டு தூணில் முட்டும். கனமான அடித்தளமும் நீட்டிய கையும் உள்ள பூம் ஸ்டாண்ட் வேண்டும். தகர மேசையில் வைத்தால் தெருவில் பஸ் போனாலே படம் ஆடும். 0.05 மி.மீ. அதிர்வு 20 எக்ஸில் 1 மி.மீ. ஆட்டம். நம்மூரில் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் தீர்வு கடப்பைக் கல். செங்கல் கட்டில் ஒரு பலகைக் கல் போட்டு, மேலே ஈஎஸ்டி மேட் (நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்காமல் காக்கும் விரிப்பு) விரித்துவிட்டால் அசையாது. ஃபேன் காற்று மேசைமேல் அடிக்கக் கூடாது, ஆடிக் காற்றுக்கு ஜன்னலும் திறக்கக் கூடாது. 0201 பறந்தால் தேடிக் கிடைக்காது. ஆனால் ஃபேனே இல்லாவிட்டால் வியர்வையில் ஐபீஸ் மூடிக்கொள்ளும். முதுகுப் பக்கமிருந்து காலுக்கு அடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்இடி வளையம் எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம் தரும். வைக்கும்போது சரி, தேடும்போது அது ஏமாற்றும். காற்றாலை போர்டுகளில் அதிர்வால் கனெக்டர் காலைச் சுற்றி ஈயத்தில் மோதிரம் போல விரிசல் விழும். வளைய வெளிச்சத்தில் அது பளபளப்புக்குள் ஒளிந்துகொள்ளும். வளையத்தை அணைத்து, ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக வளையும் விளக்கை அடித்து, போர்டைக் கொஞ்சம் சாய்த்தால் கறுப்புக் கோடாக எழும்பும். உவரி, கூத்தங்குழிக் கடலோரத்து போர்டுகளில் காலடியில் பிடித்த பச்சைக் களிம்பும் இப்படித்தான் அகப்படும்.

கடையில் வாங்கும்போது ஒரு இரும்பு ஸ்கேலும் புது 100 ரூபாய் நோட்டும் கொண்டுபோங்கள். ஸ்கேலை வைத்தால் பரப்பு தெரிந்துவிடும். நோட்டிலுள்ள பொடி எழுத்துகள் ஓரம் வரை கூர்மையாகத் தெரிய வேண்டும். ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே கண்களை மாறி மாறி மூடுங்கள். புள்ளி மேலும் கீழும் குதித்தால் இரண்டு குழாயும் நேர்கோட்டில் இல்லை. அரை மணி நேரத்தில் தலைவலி வரும், வாங்காதீர்கள். பிறகு ஐபீஸ் வளையங்களைப் பூஜ்யத்தில் வைத்து, அதிக ஜூமில் குமிழால் ஃபோகஸ் செய்து, குமிழைத் தொடாமல் குறைந்த ஜூமுக்கு வந்து, ஒவ்வொரு கண்ணுக்கும் வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இதற்குப் பிறகு எந்த ஜூமிலும் படம் கலங்கக் கூடாது.

பிளக்ஸ் புகை லென்ஸில் மஞ்சளாகப் படியும். பார்லோ இருந்தால் அதன் மேல்தான் படியும், உள்லென்ஸ் தப்பிக்கும். புகையைப் பக்கவாட்டில் இழுக்க ஒரு சின்ன எக்ஸாஸ்ட் வையுங்கள். துடைக்கும் முன் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் தாளில் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைத்து நடுவிலிருந்து வெளியே துடைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் பிரித்துத்தான் துடைக்க வேண்டும், பிரித்தால் நேர்கோடு போகும். இரவில் பிளாஸ்டிக் உறைக்குள் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு மூடுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சூடுகாட்டி மறுபடி நீலமாக்கலாம், ஆனால் சமையல் சட்டியில் கூடாது. அந்த நிறம் கோபால்ட் குளோரைடு. இதற்கென்று ஒரு பழைய தகரத் தட்டை ஒதுக்கிவிடுங்கள்.