துக்க வாரத்தில் தோரா உரை

ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் யூதத் தொழுகைக்கூடத்தில் பேசப்போகும் ரபிக்கு, அதாவது யூத மதகுருவுக்கு, பகுதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களும் 54 பகுதிகளாகப் பிரிந்து, வாரம் ஒன்றாக, சில வாரங்களில் இரண்டு சேர்த்து, ஓராண்டில் வாசித்து முடிக்கப்படுகின்றன. ஊரில் போர் மூண்டாலும் சபையில் ஒரு குழந்தை இறந்துபோனாலும், அந்த வாரம் குஷ்டரோகப் பிரமாணம் என்றால் அதைத்தான் வாசிக்க வேண்டும். இந்தப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு இது பெரிய தடையாகத் தெரியும். நான் இதைப் பாதுகாப்பு என்றே சொல்வேன். ஏற்கெனவே மனத்தில் முடிவுசெய்த ஆறுதலுக்குத் தோதான வசனத்தைத் தேடிப் பிடிக்கும் வழியை இது அடைத்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமையே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். எபிரேய மூலத்தை இரண்டு முறை, அரமேய மொழிபெயர்ப்பை ஒரு முறை வாசிப்பது பழைய முறை. அதன்பின் 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற அறிஞரின் விளக்கவுரை. வாசிக்கும்போது வசனம் எங்கே இடறுகிறது என்று பார்க்க வேண்டும்: தேவையில்லாமல் திரும்ப வரும் ஒரு சொல், பொருந்தாமல் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு நிகழ்ச்சிகள். உரைக்கு அப்படி ஓர் இடறல் போதும். ஓய்வுநாளில் எழுதக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும்.

வழக்கமாகப் பத்து, பதினைந்து நிமிடம் பேசுபவர்கூட துக்க வாரத்தில் ஏழு நிமிடத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. விடுதலைச் செய்தியோடு வந்த மோசேக்கே மக்கள் செவிகொடுக்கவில்லை. யாத்திராகமம் 6:9 அதற்குக் காரணம் ‘மனமடிவு’ என்கிறது. எபிரேயச் சொல்லை மூச்சு குறுகிப்போவது என்றும் படிக்கலாம். மூச்சு முட்டி உட்கார்ந்திருப்பவர்களிடம் நீளமாகப் பேசி என்ன பயன்?

உரை பெரும்பாலும் கெடுவது காரணம் சொல்லப் புகும்போதுதான். லேவியராகமம் 26லும் உபாகமம் 28லும் வரும் சாபங்களைத் தாழ்ந்த குரலில் வாசிப்பது வழக்கம். வாசிப்பவரே குரலைத் தாழ்த்தும் இடத்தில், இந்தச் சாபம் இன்னாருக்குப் பலித்தது என்று மேடையேறிச் சொல்வது கொடுமை. ஆறுதலையும் அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. இறந்தவர் கண்முன்னே கிடக்கையில் தேற்ற முனையாதே என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. துக்கம் காப்பவர் வாய் திறக்கும்வரை தேற்ற வந்தவர் பேசக் கூடாது என்கிறது அதை விரித்துரைக்கும் தல்மூத். அந்த விதி பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் கதையிலிருந்து வந்தது. ஏழு நாள் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தவரை நண்பர்கள் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். இரண்டு மகன்களை ஒரே நாளில் இழந்தவனைப் பற்றி லேவியராகமம் 10:3 சொல்வது இவ்வளவே: “ஆரோன் பேசாதிருந்தான்.” அந்த வாரத்தில் இதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

வார வாசிப்பின் ஒழுங்கும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. எருசலேம் ஆலயம் அழிந்த நாளான, யூத நாட்காட்டியின் ஆப் மாதம் 9ஆம் நாள் உபவாசத்துக்குப் பிறகு வரும் ஓய்வுநாளில்தான் ஏசாயாவின் “ஆற்றுங்கள், தேற்றுங்கள்” வாசிக்கப்படுகிறது. அந்த ஆறுதலும் ஒரே நாளில் முடிவதில்லை, ஏழு வாரம் நீள்கிறது.

இந்தப் பணியை மிகக் கடினமான இடத்தில் செய்தவர் போலந்தின் தலைநகர் வார்சாவில் இருந்த ரபி கலோனிமுஸ் கல்மன் ஷப்பிரா. 1939 செப்டம்பர் குண்டுவீச்சில் மகனையும் மருமகளையும் இழந்தார். அந்த நவம்பரில் வந்த பகுதி ஆபிரகாமின் மனைவி சாராளின் மரணம். அவள் மகன் ஈசாக்கை ஆபிரகாம் பலியிடப் போன நிகழ்ச்சிக்கு அடுத்தே அவள் சாவு ஏன் வருகிறது என்ற பழைய இடறலை எடுத்துக்கொண்டார். அளவு மீறிய துன்பத்தை மனிதரால் தாங்க முடியாது என்று கடவுளிடம் வாதாடவே மோசே இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார் என்றார். தன் வீட்டுச் சாவைப் பற்றி அவர் பேசத் தேவையே இருக்கவில்லை.

பேசியது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில். ஓய்வுநாள் முடிந்தபின் எபிரேயத்தில் எழுதிவைப்பார். 1942 ஜூலைவரை உரைகள் நீண்டன. 1941 டிசம்பரில், இதுபோன்ற துன்பங்களை நம் மக்கள் முன்பும் கண்டிருக்கிறார்கள் என்று பேசியிருந்தார். 1942 நவம்பரில், வார்சா யூதர்களில் பெரும்பாலானோர் நாஜிகளால் மரண முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்ட பிறகு, அந்தப் பக்கத்துக்குத் திரும்பினார். பழைய வரியை அழிக்காமல் குறிப்பொன்று சேர்த்தார்: அது அதுவரை நடந்தவற்றுக்கே பொருந்தும், அதன்பின் நடந்ததற்கு ஈடாக எதுவும் இருந்ததில்லை. மண்ணுக்குள் பால்கேனில் புதைக்கப்பட்ட அந்தத் தாள்கள் 1950 டிசம்பரில் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து கிடைத்தபோது, உரையும் திருத்தமும் சேர்ந்தே இருந்தன.